பென்ஃபிகா வென்றால் பேர்த்துக்கு

ஓக்லாந்தில் இருந்துகொண்டு போர்த்துக்கல் நாட்டுக் கால்பந்து பார்ப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. அங்கே இரவு ஆட்டம் என்றால் இங்கே காலைச் சாப்பாட்டு நேரம். லிஸ்பனில் இரவு எட்டு மணி நமக்குக் குளிர்காலத்தில் காலை ஏழு, கோடையில் ஒன்பது. இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்க்கிறவர்கள் அலாரம் வைத்து எழும்பிக் கண் சிவந்து திரிவார்கள். நானும் பக்கத்து வீட்டு ஏர்னஸ்டும் நன்றாகத் தூங்கி, முகம் கழுவி, பாணும் சம்பலும் தேநீருமாக உட்கார்ந்து பார்த்தோம். ஒன்பது வருடம் அப்படிப் பார்த்தோம்.

நீங்கள் கேட்டது அவன் மனைவி டோறினின் மாத்திரைகளைப் பற்றி என்று தெரியும், மாலினி. நாங்கள் குளிசை என்போம். அதற்குத்தான் வருகிறேன். ஆனால் கடைசி ஆட்டத்தை மட்டும் சொன்னால் புள்ளிப் பட்டியல் விளங்காது. போன ஆகஸ்டிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர், பொலிஸ் என்றாலும் தமிழில் விசாரிக்கிறீர்கள், தேநீரும் தந்திருக்கிறீர்கள். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் இரத்தினசிங்கம். அறுபத்தேழு வயது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபத்தொரு வருடம் மருந்து கொடுக்கிற வேலை. இங்கே வந்தபிறகு அந்தப் படிப்பு செல்லுபடியாகவில்லை. ஹென்டர்சனில் ஒரு மருந்துக்கடையின் பின்னறையில், வயதானவர்களுக்கு ஒரு வாரத்துக் குளிசைகளை நாள் வாரியாகப் பெட்டியில் அடுக்கும் வேலை கிடைத்தது. பதினொரு வருடம் அடுக்கினேன். ஒரு பெட்டியிலும் பிழை வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. தவறுதலாக நடந்ததா என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்குப் பதிலாகச் சொல்கிறேன்.

என் மனைவி இறந்து ஏழு வருடம். பிள்ளைகள் இல்லை. ஹில்ஸ்பரோவில் என் வீட்டுக்கும் ஏர்னஸ்டின் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மரவேலி. அதில் ஒரு பலகையைக் கழற்றிவிட்டு நான் போய்வருவேன். ஏர்னஸ்ட் மன்னார்க்காரன், கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவன். எழுபத்தோராம் ஆண்டில் அவனுடைய கப்பல் பழுதாகி ஏழு மாதம் லிஸ்பன் துறைமுகத்தில் கிடந்தது. அங்கே பாரந்தூக்கி ஓட்டிய ஒருவர் இவனைப் பென்ஃபிகா ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். அதிலிருந்து இவனுக்குச் சிவப்புச் சட்டை தவிர மற்றதெல்லாம் வெறும் துணி. நான் போர்ட்டோ பக்கம். எனக்குப் போர்ட்டோ நகரம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்போது தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து பார்க்க இரண்டு கட்சி வேண்டும் என்பதற்காகப் போர்ட்டோவை எடுத்துக்கொண்டேன். எடுத்தபிறகு அது ஒட்டிக்கொண்டது.

ஏர்னஸ்டுக்கு இதயம் பலவீனம். கண்ணும் நடுவில் மங்கிவிட்டது, ஓரத்தால்தான் பார்ப்பான். திரையில் பந்து யாரிடம் என்று நான் சொல்வேன். அவன் நம்பாமல், “நீ போர்ட்டோக்காரன், பொய் சொல்லுவாய்” என்பான். அவனுடைய மனைவி டோறினுக்குக் கைமூட்டு வாதம், சின்னக் குளிசையை விரலால் எடுக்க முடியாது. ஆகவே இருவருடைய வாரப் பெட்டிகளையும் நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. சனிக்கிழமை பிற்பகல்களில் அவர்களுடைய சமையலறை மேசையில் இருந்து நிரப்புவேன். டோறின் கேக் வெட்டித் தருவார். நல்ல சனிக்கிழமைகள்.

போன வருடம் ஆகஸ்டில் பருவம் தொடங்கியது. முதல் வாரமே பென்ஃபிகாவும் சமநிலை, போர்ட்டோவும் சமநிலை. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பழித்துக்கொண்டு இருந்தபோது டோறின் தேநீரோடு வந்தார்.

“ஜெசிக்கா திருப்பித் திருப்பிக் கேக்கிறாள், அண்ணை. பேர்த்தில வீட்டுக்குப் பின்னால எங்களுக்கெண்டு சின்ன வீடு கட்டி முடிச்சிட்டாள். இந்த மனிசனுக்கு ஓம் எண்டு சொல்ல வாய் வருகுதில்லை.”

ஜெசிக்கா அவர்களுடைய ஒரே மகள். அவுஸ்திரேலியாவில், பேர்த் நகரில் ஆசிரியை. ஏர்னஸ்ட் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

“சரி. இந்த முறை பென்ஃபிகா சாம்பியன் ஆனால் வாறன். இல்லாட்டி இஞ்சதான்.”

“விளையாட்டுக்குச் சொல்லாதேங்கோ.”

“விளையாட்டைப் பற்றித்தானே சொல்லுறன். சிங்கம் சாட்சி.”

சிங்கம் என்றால் நான். சிரித்தேன். போர்ட்டோ இரண்டு வருடம் தொடர்ந்து சாம்பியன். எனக்குக் கவலை இல்லை. டோறினும் சிரித்தார், ஆனால் அன்று மாலையே ஜெசிக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். இரண்டு வாரத்தில் அது குடும்பத்தின் சட்டம் போல ஆகிவிட்டது. ஏர்னஸ்ட் சொன்ன சொல் மாறாதவன். அந்தக் குணம் எனக்கு அவனில் மிகவும் பிடிக்கும்.

அந்தப் பருவத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இரண்டு அணியும் தோற்கவே இல்லை. ஒன்று வென்றால் மற்றதும் வெல்லும். ஒவ்வொரு வாரமும் நான் என் அணி வெல்வதைப் பார்த்துவிட்டு, அவன் அணி வெல்வதையும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஜனவரி நடுவில், ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டும் லிஸ்பனில் மோதின. முதல் இருபது நிமிடத்துக்குள் நான்கு கோல். நாங்கள் கத்துகிறோம், டோறின் என்னவோ ஏதோ என்று ஓடி வருகிறார், சம்பல் கிண்ணம் தரை விரிப்பில் கிடக்கிறது. பிறகு எழுபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டுக்கு இரண்டு. ஏர்னஸ்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“மச்சான், பேர்த்தில எனக்கு ஆர் இருக்கினம் இப்படிச் சண்டை பிடிக்க?” என்றான்.

“போகாதை” என்றேன்.

“நானோ முடிவெடுக்கிறது? பந்தெல்லோ.”

அன்று பிற்பகல் இருவரும் மனுக்காவ் கடலோரம் வரை நடந்துபோய், வழியில் டெய்ரி என்கிற மூலைக்கடை ஒன்றில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றோம். அவனால் அப்போது நன்றாக நடக்க முடிந்தது.

பெப்ரவரியிலும் மார்ச்சிலும் போர்ட்டோ வழுக்கியது. வெல்ல வேண்டிய ஆட்டங்களில் சமநிலை, சமநிலை. பட்டியலில் பென்ஃபிகா நான்கு புள்ளி முன்னால் போய்விட்டது. உங்களுக்கு நான்கு புள்ளி ஒரு எண். எனக்கு அது வேலியின் அந்தப் பக்கம் நடந்தது. முதலில் கூடத்தில் அட்டைப் பெட்டிகள் வந்தன. பிறகு டோறின் தையல் இயந்திரத்தை மாதா கோவிலுக்கு வருகிற பெண் ஒருவருக்குக் கொடுத்தார். பிறகு ஒரு காலை புல்வெளியில் வீடு விற்பனைக்கு என்ற பலகை நட்டிருந்தது. பலகையில் ஒரு பெண் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜூன் முதல் வாரத்துக்கு ஜெசிக்கா விமானச் சீட்டுப் போட்டாள்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்வது? மகள் கூப்பிடுகிறாள், பெற்றோர் போகிறார்கள், யாரும் பிழை செய்யவில்லை. ஆனால் அந்த வாரம் நான் என் வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டு ஒரு ஆட்டம் தனியாகப் பார்த்துப் பழக முயன்றேன். போர்ட்டோ கோல் போட்டபோது எழுந்து நின்றேன். நின்றுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து இருந்தேன். அவ்வளவுதான் நடந்தது. இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை, பெட்டியை நிரப்பும்போது, புதன்கிழமைக் குளிசையில் ஒன்றை வைக்கவில்லை. காலையில் எடுக்கிற, இதயத்துக்கான வெள்ளைக் குளிசை. அதற்குப் பதிலாக அதே அளவில், அதே நிறத்தில், தீங்கில்லாத வேறொன்றை வைத்தேன்.

நீங்கள் இங்கே பேனாவை வைத்துவிட்டீர்கள். எழுதுங்கள், பரவாயில்லை.

நான் என்ன நினைத்தேன் என்று தெளிவாகச் சொல்கிறேன். நான் வைத்தியன் இல்லை, ஆனால் இருபத்தொரு வருடமும் பதினொரு வருடமும் குளிசைகளோடு இருந்தவன். ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது. சில நாள் விட்டால் கால் வீங்கும், கொஞ்சம் மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிற மனிதனை வைத்தியர் விமானத்தில் ஏற விடமாட்டார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஏர்னஸ்ட் கொஞ்சம் சுகமில்லாமல் இருக்க வேண்டும். படுக்கையில் விழக் கூடாது, ஆட்டம் பார்க்க இருந்து எழும்ப வேண்டும். அதற்கு ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவைப் பிடிப்பது எனக்குத் தெரிந்த வேலை.

அடுத்த வாரம் புதனும் சனியும். அதற்கடுத்த வாரம் நான்கு நாள். பிறகு நீர் போக்குகிற குளிசையிலும் கை வைத்தேன். ஏப்ரலில் அவனுக்குக் கால் வீங்கியது. செருப்புக்குள் போகவில்லை. டோறின் பயந்து வைத்தியரிடம் கூட்டிப்போனார். வைத்தியர் நல்ல மனிதர், மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். கூட்டிய குளிசைகளும் என்னிடம்தான் வந்தன. பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அங்கே அவர்களே குளிசை கொடுத்ததால் இரண்டே நாளில் தேறிவிட்டான். எல்லாருக்கும் ஆச்சரியம். வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் வீங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜெசிக்காவோடு பேசினார்கள். நீண்ட விமானப் பயணம் இப்போது வேண்டாம் என்றார்கள். சீட்டை ஜூலைக்கு மாற்றினாள். அன்று எனக்கு நல்ல பசி. இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஏர்னஸ்டுக்கு மட்டும் மனம் விழுந்துவிட்டது. சுகமில்லாமல் போனதற்காக இல்லை. டோறினுக்குப் பாரமாகிவிட்டேன் என்று.

“சிங்கம், நீ இல்லாட்டி நாங்கள் என்ன செய்திருப்பம்?” என்று ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். “இந்தக் குளிசைப் பெட்டியை டோறின் அடுக்கியிருந்தால் நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பன்.”

“சும்மா இரு” என்றேன். எனக்குக் கண் கலங்கியது. இதை நான் நடிக்கவில்லை, மாலினி. அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். காலை வேளைகளில் அவன் கால்களைத் தலையணையில் தூக்கி வைத்து, காலுறையை நான்தான் போட்டுவிடுவேன். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, அடுத்த வாரத்துக்கு எத்தனை நாள் விடலாம் என்று கணக்குப் பார்ப்பேன். கவனமாகத்தான் செய்தேன்.

மே மாதம் ஏழாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, பென்ஃபிகா தன் சொந்த மைதானத்தில் ஒரு சின்ன அணியோடு ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலை ஆனது. நான்கு புள்ளி இரண்டாகக் குறைந்தது. அடுத்த ஆட்டம் போர்ட்டோவில், போர்ட்டோவோடு. அதில் சமநிலை ஆனாலும் பென்ஃபிகாவுக்குப் போதும். போர்ட்டோ வென்றால் ஒரு புள்ளி முன்னால் வந்துவிடும். பிறகு ஒரு ஆட்டம்தான் மிச்சம்.

அன்று வேலியைத் தாண்டி வீட்டுக்கு வந்து யோசித்தேன். போர்ட்டோ வென்றால் ஏர்னஸ்ட் தன் சொல்லின்படி இங்கேயே இருப்பான். அப்போது அவன் சுகமில்லாமல் இருக்கத் தேவையில்லை. நல்ல குளிசைகளைத் திருப்பி வைத்துவிடலாம், ஒரு மாதத்தில் கடலோரம் வரை நடப்பான். உடனேயே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஆனால் போர்ட்டோ வெல்லாவிட்டால்? ஒரு வாரம் நல்ல குளிசை எடுத்துத் தேறிவிட்டான் என்றால், வைத்தியர் போகலாம் என்பார், நான் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு அவனுடைய உடம்பு தாங்காது. ஆகவே முடிவைப் பார்த்துவிட்டு வைப்பது என்று தீர்மானித்தேன். ஐந்து நாள்தானே.

சனிக்கிழமை, இந்த முறை அடுத்த இரண்டு வாரத்துக்கும், அவனுடைய பெட்டிகளை வழக்கம்போலப் பொய்க் குளிசைகளோடு நிரப்பினேன். அவனுடைய சரியான குளிசைகள் எல்லாம் ஒரு சின்னப் போத்தலில் என்னிடம் சேர்ந்திருந்தன. ஞாயிறு காலை அந்தப் போத்தலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். போர்ட்டோ வென்றால் உடனே மாற்றிவிட வேண்டும் என்று. என் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தது என்பதற்கு அது அத்தாட்சி.

மே பன்னிரண்டு. அன்னையர் தினம். டோறின் கோவிலுக்கு முதல் பூசைக்கே போய்விட்டார், பூசை முடிந்து பெண்களுக்கெல்லாம் பூக்கொத்து கொடுத்துக் காலைச் சாப்பாடும் வைத்திருந்தார்கள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். ஏழரைக்கு ஆட்டம். ஏர்னஸ்ட் கதிரையில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். உதடு கொஞ்சம் நீலம். முந்தின இரவு படுக்க முடியாமல் இருந்தே தூங்கியதாகச் சொன்னான். ஆனாலும் சிவப்புச் சால்வையைக் கழுத்தில் போட்டிருந்தான்.

பென்ஃபிகா முதலில் கோல் போட்டது. அவன் கையை மட்டும் தூக்கினான், கத்த மூச்சு இல்லை. சில நிமிடத்தில் போர்ட்டோ திருப்பிப் போட்டது, பென்ஃபிகாக்காரர் ஒருவர் காலில் பட்டே உள்ளே போனது. பிறகு ஒன்றும் இல்லை. அறுபது, எழுபது, எண்பது நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தால் பென்ஃபிகா சாம்பியன் ஆன மாதிரித்தான்.

“நேரம் எவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

“தொண்ணூறு முடிஞ்சுது” என்றேன். “மேலதிகமாக் கொஞ்சம் குடுத்திருக்கிறாங்கள்.”

“டோறின் சந்தோசப்படுவா” என்றான்.

தொண்ணூற்றிரண்டாவது நிமிடம். மாற்று ஆட்டக்காரராக வந்த ஒரு பிரேசில் பையன் இடது பக்கத்தால் ஓடி வந்து குறுக்காக அடித்தான். பந்து தூரக் கம்பத்துக்கு உள்ளே போனது. மைதானம் வெடித்தது. பென்ஃபிகாவின் பயிற்சியாளர் கோட்டோரத்தில் முழங்காலில் விழுந்தார். நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வாழ்நாளில் எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்ததில்லை. கலியாண நாளிலும் இல்லை.

ஏர்னஸ்ட் சால்வையைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்தான். பிறகு சிரித்தான். உண்மையாகவே சிரித்தான்.

“சரி, சிங்கம். நீ வெண்டிட்டாய். நான் இஞ்சதான்.”

கையை நீட்டினான். நான் பிடித்தேன். குளிர்ந்து ஈரமாக இருந்தது. அவன் சொன்னது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. பிறகு அவன் கையை இழுத்து நெஞ்சில் வைத்தான்.

“மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு, மச்சான். குளிசையைக் கொண்டு வா.”

நான் சமையலறைக்குப் போனேன். கூடமும் சமையலறையும் ஒன்றாகத் திறந்தபடி இருக்கும் வீடு, அவன் கதிரையிலிருந்து மேசை தெரியும். மேசையில் இரண்டு வாரத்துக்கான அவனுடைய இரண்டு பெட்டி. தொலைபேசி சுவரில், கைக்கெட்டும் தூரத்தில்.

அம்புலன்ஸ் ஆட்கள் வந்தால் முதலில் என்ன மருந்து எடுக்கிறார் என்றுதான் கேட்பார்கள். பெட்டியை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே என்னைப் போல ஒருவர் அதைத் திறந்து பார்ப்பார். தெரிந்துவிட்டால் டோறின் என்னை அந்த வீட்டு வாசலில் நிற்க விடமாட்டார். பிறகு ஏர்னஸ்ட் இங்கேயே இருந்து எனக்கு என்ன பயன்? அவன் இருக்கப்போகிறேன் என்று சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகவே முதலில் பெட்டிகளைச் சரி செய்தேன். சட்டைப் பையிலிருந்து போத்தலை எடுத்தேன். இரண்டு பெட்டி, இருபத்தெட்டு அறை. ஒவ்வொன்றாகத் திறந்து, பொய்க் குளிசையை எடுத்து, சரியானதை வைத்து, மூடினேன். அவசரத்தில் மாறிப்போகக் கூடாது என்று கிழமை வாரியாக, காலை இரவு என்று பார்த்துத்தான் செய்தேன். கை பழகிய வேலை. ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஆறு. பின்னால் தொலைக்காட்சியில் போர்ட்டோக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் அவன் மூச்சு கேட்டது, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

ஏர்னஸ்டுக்கு நான் நிற்கிற உருவம் மட்டும்தான் தெரிந்திருக்கும். நான் அவனுக்கு மருந்து தேடுகிறேன் என்று நினைத்தான்.

“ஆறுதலாப் பார், சிங்கம்” என்றான். “பதறாதை.”

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. நான் கடைசி மூடியையும் அழுத்திவிட்டு அவசர உதவிக்கு 111ஐ அழைத்தேன். ஒன்பது நிமிடத்தில் வந்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள், மிகவும் முயன்றார்கள். பெட்டியைப் பார்த்தார்கள். ஒரு பிழையும் இருக்கவில்லை.

இதயம் ஏற்கெனவே பலவீனம், ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் இருந்தவர், கண்டபடி ஆட்டம் பார்த்து உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார். வைத்தியர் கையெழுத்துப் போட்டார். டோறின் கையில் பூக்கொத்தோடு வாசலில் நின்றதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

வியாழக்கிழமை அடக்கம். சவப்பெட்டியை நானும் தூக்கினேன். அடுத்த திங்கட்கிழமை காலை போர்ட்டோ கடைசி ஆட்டத்தையும் வென்று ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனது. நான் ஏர்னஸ்ட் வீட்டில்தான் பார்த்தேன். டோறின் தேநீர் போட்டுத் தந்துவிட்டு, அவனுடைய கதிரையில் இருந்தார்.

“இப்ப ஆர் வெல்லுறது, அண்ணை?” என்று கேட்டார்.

“போர்ட்டோ, தங்கச்சி.”

“அப்ப அவர் இஞ்சதான் இருந்திருப்பார் என்ன” என்றார்.

அவரோடு இருந்து பார்ப்பதும் ஒரு மாதிரி நன்றாகத்தான் இருந்தது. அது நான் எதிர்பாராதது. பந்து யாரிடம் என்று சொன்னால் அப்படியே நம்புவார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஜெசிக்கா திரும்பவும் வந்தாள். சமையலறையில் நான் நிற்கும்போதே சொன்னாள். “அங்கிள், அம்மாவ நான் ஓகஸ்டில கூட்டிக்கொண்டு போறன். தனிய விடேலாது.” தனியே எங்கே விட்டோம்? நான் பக்கத்தில் இருக்கிறேன். அதை அவள் யோசிக்கவில்லை. சின்னப் பெண், குற்றம் சொல்ல மாட்டேன்.

டோறினுக்கு இரத்த அழுத்தத்துக்குத்தான் குளிசை. இந்த முறை எடுக்கவில்லை, கூட்டினேன். எழும்பும்போது தலை சுற்றும், அவ்வளவுதான். தலை சுற்றுகிறவரை விமானத்தில் ஏற்ற யோசிப்பார்கள். ஜூலையில் குளியலறையில் ஒருமுறை வழுக்கினார், ஒன்றும் ஆகவில்லை. போன செவ்வாய் வாசல் படியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அது நான் நினைக்காதது. படியில் கைப்பிடி போட வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஜெசிக்கா பறந்து வந்து, பெட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே யாரோ கவனமான ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார். நல்ல வேலைக்காரர் என்று நினைக்கிறேன்.

“ஐயா, நான் உங்ககிட்ட டோறின் அம்மா பத்தி மட்டும்தான் கேட்டேன்” என்கிறீர்கள். “அவங்க வீட்டுக்காரர் பத்தி யாரும் எந்தப் புகாரும் கொடுக்கல. ஏன் இதெல்லாம் சொல்றீங்க?”

ஏனென்றால் டோறினுக்கு ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டீர்கள். ஏர்னஸ்டைப் பற்றித் தெரியாவிட்டால், நான் அவர்களுக்குக் கெடுதல் நினைத்தவன் என்று எழுதிவிடுவீர்கள். இப்போது வரிசையாக விளங்கும்.

சரி, நீங்கள் எழுத வசதியாகச் சொல்கிறேன். மார்ச்சிலிருந்து மே பன்னிரண்டு வரை ஏர்னஸ்டின் குளிசைகளை எடுத்தவன் நான். அவன் மூச்சுக்குத் தவித்தபோது, உதவிக்கு அழைக்காமல் பெட்டியை அடுக்கியவனும் நான். அந்த ஐந்தாறு நிமிடத்தில் அழைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான். ஜூனிலிருந்து டோறினின் குளிசைகளைக் கூட்டியதும் நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டோறினை எந்த வார்டில் வைத்திருக்கிறார்கள்? இங்கே வேலை முடிந்ததும் நான் போய்ப் பார்க்க வேண்டும். ஜெசிக்கா பக்கத்தில் இருக்கிறாள் என்கிறீர்கள், இருக்கட்டும், ஆனால் அவள் போகிறவள். டோறினைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.